மலை ஊர் இணையதளங்கள் டைரக்டரியில் ஏறாதது ஏன்? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டியில் ஹோம்ஸ்டே, குன்னூரில் டீத்தூள் கடை, கோத்தகிரியில் டாக்ஸி என்று தொழில் எதுவானாலும், இணையதளம் தயாரான கையோடு “எல்லா டைரக்டரியிலும் ஏத்தி விட்டுடுங்க” என்று தளம் செய்து கொடுத்தவரிடம் சொல்லிவிடுவது வழக்கம். டைரக்டரி என்பது இணையதளங்களைப் பிரிவுவாரியாக அடுக்கி வைக்கும் பட்டியல். பெரும்பாலானவை தானாக ஓடுபவை. படிவத்தை நிரப்பினால் சற்று நேரத்தில் பெயர் வந்துவிடும். தன்னார்வலர்கள் கையால் தொகுக்கும் டைரக்டரியில் அது நடக்காது. புலம்பல் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

இந்த வகையில் பெரிய பெயர் டிமாஸ். 1998இல் தொடங்கி, அதே ஆண்டிலேயே நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கைக்குப் போய், பிறகு ஏஓஎல் நிறுவனத்தின் வசம் இருந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் தொகுப்பாளர்கள் (எடிட்டர்கள்) அந்தப் பட்டியலையே எடுத்துத் தொடர்ந்து நடத்துவதுதான் கர்லி. விதிகளும் பழக்கங்களும் பெரும்பாலும் டிமாஸ் காலத்தவை. கீழே சொல்வது இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்று. அங்கே இருப்பது விண்ணப்பப் படிவம் இல்லை, பரிந்துரைப் படிவம். “இப்படி ஒரு தளம் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்” என்று தகவல் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். பட்டியல் தேடி வருகிறவருக்காகத் தொகுக்கப்படுகிறது. தளத்தின் சொந்தக்காரருக்கு அங்கே யாரும் சேவை செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக் கோபம் இந்த இடத்திலேயே அடங்கிவிட வேண்டும். அடங்காதவர்கள் மேலே படிக்கலாம்.

“அனுப்பி மாசக்கணக்கா ஆச்சு, வரவே இல்லை”

முதலில், நிஜமாகவே வரவில்லையா என்று பாருங்கள். டைரக்டரியின் தேடல் பெட்டியில் உங்கள் டொமைன் பெயரை (தளத்தின் முகவரிப் பெயரை), www போன்ற முன்னொட்டு எதுவும் இல்லாமல் அடியுங்கள். கடைப் பெயரையும் தனியாக அடித்துப் பாருங்கள். நீங்கள் ‘சுற்றுலா’ என்று அனுப்பியதைத் தொகுப்பாளர் ஊர்ப் பகுப்புக்கு, அதாவது அந்த ஊருக்கான பிரிவுக்கு, மாற்றிச் சேர்த்திருக்கலாம். தேடலில் புதிய பதிவு தெரியச் சில நாள் பிடிக்கும் என்பதால், ஊர்ப் பகுப்பின் பக்கத்தையே நேரில் திறந்து பார்ப்பது நல்லது.

அங்கும் இல்லையென்றால், உங்கள் பரிந்துரை பார்க்கப்படாதவற்றின் குவியலில் கிடக்கிறது என்று பொருள். இது ரேஷன் கடை டோக்கன் இல்லை. முன்னால் வந்தவர் பெயரை முதலில் கூப்பிட மாட்டார்கள். தொகுப்பாளர் குவியலைத் தேதிவாரியாகவும் பார்க்கலாம், பெயர்வாரியாகவும் பார்க்கலாம், கண்ணில் பட்டதை எடுக்கவும் செய்யலாம். சிலர் குவியலைத் தொடுவதே இல்லை. தாங்களே தேடிக் கண்டுபிடித்த தளங்களை மட்டும் சேர்ப்பார்கள். அதுவும் விதிப்படி சரிதான். ஆகவே இத்தனை நாளில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளில் ஏறிய தளமும் உண்டு, இரண்டு வருடம் கிடந்த தளமும் உண்டு.

பகுப்பின் கீழே ‘தொகுப்பாளர் தேவை’ என்று இருந்தால், அங்கே ஆளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மேல்படிப் பகுப்பின் தொகுப்பாளர் தன் கீழுள்ள எல்லாவற்றிலும் கை வைக்கலாம். தமிழ்நாட்டுப் பகுப்பைக் கவனிப்பவர் கோத்தகிரியையும் திருத்துவார். டைரக்டரி முழுக்க எங்கும் திருத்தும் உரிமை உள்ள மூத்தவர்களும் இருக்கிறார்கள். அதேபோல ஒருவர் பெயர் போட்டிருப்பதால் அவர் தினமும் வருகிறார் என்றும் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது: ஒருமுறை சரியாக அனுப்புங்கள். தேதியையும் பகுப்பையும் குறித்து வைத்துக்கொண்டு வேறு வேலையைப் பாருங்கள்.

“வாராவாரம் அனுப்பறேன், அப்படியும் நகரலை”

அனுப்புவதால்தான் நகரவில்லை. டிமாஸ் முறையில் அதே முகவரி மறுபடி வந்தால் பழைய பரிந்துரையின் மேல் புதியது எழுதப்படும், தேதியும் புதிதாகிவிடும். பழையதிலிருந்து பார்த்துக்கொண்டு வரும் தொகுப்பாளர் உங்களை நெருங்கும்போதெல்லாம் நீங்களே எழுந்து கடைசிக்குப் போய்விடுகிறீர்கள்.

ஒரே தளத்தைப் பத்துப் பகுப்புகளுக்கு அனுப்புவது இதைவிட மோசம். குப்பை அனுப்புபவர் என்ற குறிப்பு விழும். ஒவ்வொரு முகவரிக்கும் தொகுப்பாளர்கள் எழுதி வைக்கும் குறிப்பு அடுத்து வருகிற தொகுப்பாளருக்கும் தெரியும். “ஆயிரம் டைரக்டரியில் ஒரே நாளில் ஏற்றுகிறோம்” என்கிற மென்பொருள் வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுத்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலே இது நடந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“எந்தப் பகுப்புன்னே புரியலை” / “வேற எங்கேயோ போட்டுட்டாங்க”

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

பட்டியலுக்கு மூன்று கிளைகள் முக்கியம்: பொருள்வாரி, இடவாரி, மொழிவாரி. ஒரு சிறு வணிகத் தளத்துக்கு இயல்பான வீடு இடவாரிக் கிளை. ஆசியா, இந்தியா, தமிழ்நாடு, அதற்குக் கீழே ஊர். உங்கள் தளம் அந்த ஊருக்கு வெளியேயும் பயன்படும் என்று தளமே காட்டினால்தான் பொருள்வாரிக் கிளையில் இன்னொரு இடம் கிடைக்கும்.

ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறீர்கள். தளத்தில் கடைப் படமும் முகவரியும் சாக்லேட் வகைகளும் இருக்கின்றன. வாங்க நேரில்தான் வர வேண்டும். இது ஊர்ப் பகுப்பு, வேறெங்கும் போகாது. அதே கடை விலைப்பட்டியல் போட்டு, தளத்திலேயே பணம் வாங்கி, கூரியரில் வெளியூருக்கு அனுப்புகிறது என்றால் ‘ஷாப்பிங்’ கிளையில் உணவுப் பிரிவுக்கும் தகுதி உண்டு. “விவரங்களுக்கு வாட்ஸ்அப் செய்யவும்” என்று மட்டும் எழுதிவிட்டு ஷாப்பிங்கில் இடம் கேட்டால் கிடைப்பது கடினம். விலையும், வாங்கும் வழியும், அனுப்பும் ஏற்பாடும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தேயிலையிலும் இதே கதை. மூட்டைக் கணக்கில் ஏஜென்ட்டுகளுக்கு விற்கும் தொழிற்சாலையின் தளம் ‘பிசினஸ்’ கிளைக்குப் போகும். கால் கிலோ பாக்கெட்டை வீட்டுக்கு அனுப்பும் தளம் ஷாப்பிங்குக்குப் போகும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியை எடுத்துக்கொண்டால், சால்வை விற்கும் தளம் ஒரு பக்கம், அந்தத் தையலின் வரலாறும் வடிவங்களும் சொல்லும் தளம் இன்னொரு பக்கம். பார்ப்பது உள்ளடக்கத்தைத்தான். நடத்துபவர் யார், எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது.

ஊர் எது என்பதிலும் குழப்பம். மலையில் தங்குமிடம் நடத்துபவர்கள் பலர் தளத்தில் கோயம்புத்தூர் புக்கிங் ஆபீஸ் முகவரியையும் ஒரு கைபேசி எண்ணையும் மட்டும் போட்டுவிடுகிறார்கள். தொகுப்பாளர் வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அந்தப் பக்கத்தில் தெரிவது கோயம்புத்தூர்தான். அங்கே சேர்த்துவிட்டால் அது அவர் பிழையல்ல. கிராமம், அஞ்சல், தாலுகா, பின்கோடு நான்கையும் தொடர்புப் பக்கத்தில் எழுத்தாகப் போடுங்கள், படமாகப் போட வேண்டாம். உதகை 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217, கொடைக்கானல் 624101 என்று எண் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கொடைக்கானல்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உங்கள் மாவட்டம் திண்டுக்கல். மதுரையிலிருந்து வண்டி கிளம்புகிறது என்பதற்காக மதுரைப் பகுப்பில் பரிந்துரைக்க வேண்டாம்.

ஊட்டிக்குப் பெயரும் ஒன்றல்ல. ஊட்டி, உதகை, உதகமண்டலம், பழைய ஊட்டகமண்ட், இவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு நாலைந்து எழுத்துக்கூட்டல். ஒன்றை அடித்துத் தேடிவிட்டு “பகுப்பே இல்லை” என்று முடிவு கட்டாமல் மாநிலப் பக்கத்தைத் திறந்து ஊர்ப் பட்டியலில் கண்ணை ஓட்டுங்கள்.

தப்பான பகுப்புக்கு அனுப்பிவிட்டால் குடி முழுகிவிடாது. தொகுப்பாளர் அதைச் சரியான பகுப்பின் குவியலுக்குத் தள்ளிவிடுவார். ஆனால் அங்கே மறுபடி காத்திருக்க வேண்டும்.

“நான் எழுதிக் கொடுத்த தலைப்பையும் விவரத்தையும் மாத்திட்டாங்க”

மாற்றத்தான் செய்வார்கள். நீங்கள் எழுதியது அவருக்குக் குறிப்பு மட்டுமே. கோத்தகிரிப் பக்கத்து ஹோம்ஸ்டே ஒன்றுக்கு வழக்கமாக அனுப்பப்படுவது இப்படி இருக்கும்.

தலைப்பு: கோத்தகிரி பெஸ்ட் ஹோம்ஸ்டே, ஊட்டி சீப் ரூம்ஸ், நீலகிரி காட்டேஜ்.
விவரம்: நீலகிரியின் நம்பர் 1 ஹோம்ஸ்டே! இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம். எங்களிடம் மிகக் குறைந்த வாடகை. இன்றே அழையுங்கள்!

பட்டியலில் ஏறும்போது தலைப்பு வாசல் பலகையில் இருக்கும் பெயராக ஆகிவிடும். விவரம் இப்படி ஆகும்: “கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்துக்குள் நான்கு அறைகள் கொண்ட தங்குமிடம். அறைப் படங்கள், வாடகை, உணவு, வந்து சேரும் வழி.”

எது ஏன் போனது? ‘நம்பர் 1’க்கு அளவுகோல் இல்லை. ‘எங்களிடம்’ என்பது கடைக்காரர் குரல், டைரக்டரி அந்தக் குரலில் பேசாது. ‘மிகக் குறைந்த வாடகை’ சீசனுக்குச் சீசன் மாறும். ‘அழையுங்கள்’ விளம்பரம். ‘இயற்கையின் மடி’யைப் பற்றிச் சொல்வதானால், மலையில் இருக்கும் எல்லாத் தங்குமிடமும் அங்கேதான் இருக்கிறது. மிஞ்சிய இரண்டு வாக்கியங்களில் முதலாவது இது என்ன என்கிறது, இரண்டாவது தளத்துக்குள் போனால் என்ன கிடைக்கும் என்கிறது. ஆங்கிலத்தில் 25 முதல் 30 சொல் என்பது பழைய வழக்கு. தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் பதினைந்தே போதும். நீங்களே இந்த வடிவில் எழுதி அனுப்பினால் தொகுப்பாளருக்குத் திருத்த ஒன்றுமிருக்காது. திருத்த ஒன்றும் இல்லாத பரிந்துரையை யாரும் முதலில் எடுக்கத்தான் பார்ப்பார்கள்.

ஏறிய விவரத்தில் உண்மைப் பிழை இருந்தால், அதாவது ஊர் தவறு, பெயர் மாறிவிட்டது, அந்தச் சேவை இப்போது இல்லை என்றால், திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். ஒரே வரி போதும், தளத்தில் எந்தப் பக்கத்தில் சரியான தகவல் இருக்கிறது என்று காட்டுங்கள். ‘சிறந்த’ என்பதைத் திரும்பச் சேர்க்கச் சொல்வது திருத்தம் ஆகாது.

“இருந்துச்சு, திடீர்னு காணோம்”

பழியைத் தொகுப்பாளர் மேல் போடும் முன் தளத்தைச் சோதியுங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசி டேட்டாவில், மறைவுச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறவுங்கள்.

டொமைன் காலாவதி முதல் சந்தேகம். ஏப்ரல், மே சீசனுக்காகத் தளம் போட்டவர்கள் மறு வருடம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். டாட் காம் பெயர் என்றால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வழி இருக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அதன்பின் 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். காலியான பெயரைச் சூதாட்டத் தளக்காரர்கள் வாங்கிப் போடுவது சாதாரணம். ஹோம்ஸ்டே என்று பட்டியலில் இருப்பதைச் சொடுக்கினால் ரம்மி வருகிறது என்றால் நீக்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டாவது சந்தேகம் உங்கள் சர்வரின் காவல். இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க டைரக்டரிகள் தானியங்கிச் சோதனை வைத்திருக்கும். டிமாஸில் அதன் பெயர் ரோபோஸில்லா. ஹோஸ்டிங்கின் தீச்சுவர் (ஃபயர்வால்) தானியங்கிகளை எல்லாம் 403, அதாவது ‘அனுமதி இல்லை’, என்று காட்டித் திருப்பி அனுப்பினால், அல்லது இந்தியாவுக்கு வெளியேயிருந்து வருவதைத் தடுத்தால், உங்களுக்கு நன்றாகத் திறக்கும் தளம் அங்கே செத்த இணைப்பாகத் தெரியும். ஹோஸ்டிங்காரரிடம் நாடுவாரித் தடையை எடுக்கச் சொல்லுங்கள்.

தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றியிருந்தால் பழையதிலிருந்து 301 திசைமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போட்டுவிட்டு, முகவரி மாற்றத்துக்குத் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். புதிதாகப் பரிந்துரைத்தால் ஒன்றுக்கு இரண்டாகிக் குழப்பும். ‘விரைவில் வருகிறோம்’ பலகை மட்டும் தொங்கும் தளத்தைத் தயவுசெய்து அனுப்பவே வேண்டாம். மலர்க் கண்காட்சிச் சலுகைக்காக ஒரு மாதம் மட்டும் போடும் பக்கமும் அப்படியே.

“தமிழ்த் தளம்தான், தமிழ்ப் பகுப்பில் எடுக்கலை”

மெனு மட்டும் தமிழில் இருந்து உள்ளே எல்லாம் ஆங்கிலம் என்றால் அது ஆங்கிலத் தளம். இரு மொழியிலும் முழு உள்ளடக்கம் இருந்தால் இரண்டு இடத்திலும் பரிந்துரைக்கலாம். தமிழ்ப் பகுப்புக்குத் தமிழில் விவரம் எழுதி, தமிழ்ப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள்.

பழைய தளங்களில் எழுத்துரு வம்பு உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதைப் பார்ப்பவர் உடைந்த தளம் என்று கடந்துவிடுவார். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு பக்கத்தின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் வேண்டும். இதை விட்டுவிட்டால் வேறு விதமான கிறுக்கல் தெரியும்.

“டாக்ஸிக்கு ஆறு தளம் இருக்கு, ஒண்ணுதான் எடுத்தாங்க”

ஒன்று எடுத்ததே பெரிது. ஊட்டி டாக்ஸி, குன்னூர் டாக்ஸி, கோவை ஏர்போர்ட் டாக்ஸி என்று ஊருக்கொரு டொமைன் வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, அதே வண்டிப் படம், அதே கட்டணம், அதே எண். டைரக்டரிக்கு இது ஒரே தளத்தின் ஆறு நகல். எது முதன்மையோ அதை மட்டும் அனுப்புங்கள். பெரிய புக்கிங் தளங்களின் கமிஷன் இணைப்புகளே முழுப் பக்கமாக இருக்கும் தளமும் ஏறாது. சொந்த உள்ளடக்கம் இருந்து, முன்பதிவுப் பொத்தான் மட்டும் வெளியே போனால் தடையில்லை.

“போட்டிக் கடைக்காரர்தான் எடிட்டர்” / “அஞ்சாயிரம் கொடுத்தா ஏத்தித் தர்றேன்கிறார்”

தொகுப்பாளர் தனக்குத் தொடர்புள்ள தளங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சொந்தத் தளத்தைச் சேர்க்கலாம். மற்றவற்றை அதே அளவுகோலில் பார்க்க வேண்டும். செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது, மேலே உள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள். உண்மையிலேயே முறைகேடு என்றால் முறைகேட்டுப் புகார்ப் படிவம் இருக்கிறது. பகுப்பின் முகவரி, சம்பந்தப்பட்ட தளங்கள், என்ன நடந்தது, எப்போது என்று எழுதுங்கள். “என் தளத்தை எடுக்கவில்லை” என்பது மட்டும் புகார் ஆகாது, ஏனென்றால் பெரும்பாலானவை குவியலில்தான் கிடக்கின்றன.

பணம் என்றால் ஒரே பதில்: கொடுக்காதீர்கள். இந்த டைரக்டரிகளில் சேர்க்கக் கட்டணம் கிடையாது. வாங்கியது தெரிந்தால் தொகுப்பாளரின் கணக்கு போய்விடும், தளமும் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். பலர் நம்பிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. யாஹூ டைரக்டரி வணிகத் தளங்களைப் பரிசீலிக்க வருடத்துக்கு 299 டாலர் வாங்கியது. அது சம்பள ஆட்கள் வைத்து நடத்திய வேறு கடை, 2014 இறுதியில் மூடியாகிவிட்டது.

“ஏறியாச்சு, ஆனா கூகுளில் மேலே வரலை”

கூகுள் மேப்பில் கடை தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது கூகுளின் வணிகக் கணக்கில் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. டிமாஸ் விவரத்தைக் கூகுள் தேடல் முடிவில் எடுத்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. டிமாஸ் மூடிய 2017இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். டிமாஸ் விவரத்தைக் காட்ட வேண்டாம் என்று அப்போது தளத்தில் போட்டு வைத்த குறிச்சொல் இன்னும் இருந்தால் எடுத்துவிடலாம், அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

ஏதோ ஒரு தளத்தில் உங்கள் பழைய பெயரும் பழைய விவரமும் தெரிகிறதென்றால், டிமாஸ் தன் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டதன் மிச்சம் அது. பிரதி எடுத்தவர் புதுப்பித்தால்தான் மாறும். கர்லிக்கு எழுதிப் பயனில்லை.

“நானே எடிட்டர் ஆகலாம்னு போட்டேன், நிராகரிச்சுட்டாங்க”

முக்கால்வாசி நேரம் காரணம் பகுப்பின் அளவு. முதல் விண்ணப்பத்திலேயே தமிழ்நாடு முழுவதையும் கேட்டால் தர மாட்டார்கள். கோத்தகிரி மாதிரி ஒரு சிறிய ஊர்ப் பகுப்பையோ தமிழ்க் கிளையில் பத்திருபது பதிவுகள் மட்டும் உள்ள ஒன்றையோ கேளுங்கள். விண்ணப்பத்தில் மாதிரியாக இரண்டு மூன்று தளங்களைத் தலைப்பு, விவரத்தோடு தர வேண்டும். அவை ஏற்கெனவே பட்டியலில் இல்லாதவையாக, அந்தப் பகுப்புக்கே உரியவையாக இருக்கட்டும். மூன்றும் உங்களுடையதாகவோ மச்சானுடையதாகவோ இருந்தால் உள்நோக்கம் தெரிந்துவிடும். உங்கள் தளம் எது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துப் பிறகு தெரிய வருவதுதான் ஆபத்து. எழுத்துப் பிழையையும் பார்ப்பார்கள், தமிழ்ப் பகுப்பில் சந்திப் பிழை உட்பட.

நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் இருந்தால் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. கிடைத்துவிட்டால் கணக்கை உறங்க விடாதீர்கள். டிமாஸில் நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாமல் இருந்தால் கணக்கு தானாக முடங்கியது, திரும்பப் பெற மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கோத்தகிரி போன்ற பகுப்பில் மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, செத்த இணைப்புகளை நீக்கி, குவியலில் கிடக்கும் நாலைந்தைப் பார்த்துவிட்டாலே போதும்.